37-இல் நின்ற கணக்கு

அன்புள்ள வாசிப்புக் குழுத் தோழமைகளுக்கு,

போன ஜனவரியில் "இந்த வருஷம் 50 புத்தகம்" என்று குழுவில் மார்தட்டியவள் நான்தான். டிசம்பர் 31 இரவு என் கணக்கில் இருந்தது 37. தோற்றவளுக்கு நன்றி மடல் எதற்கு என்று கேட்பீர்கள். அந்த 37-க்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத்தானே தெரியும்!

முதலில், யார் எத்தனை முடித்தோம் என்று நாம் குறிக்கும் கூகுள் ஷீட்டைக் கட்டிக் காத்த கணக்குப்பிள்ளை அண்ணனுக்கு. ஏப்ரலில் நான் செய்த திருட்டைக் கண்டுபிடித்தவர் அவர். வாசிப்புக் கணக்கு வைக்கும் குட்ரீட்ஸ் தளம் என்னை 4 புத்தகம் பின்தங்கியவள் என்று காட்டியதும் பதற்றம் பிடித்துக்கொண்டது. அந்தத் தளத்துக்கு 48 பக்கக் குறுநூலும் ஒன்று, 900 பக்க நாவலும் ஒன்று. ஒல்லியாகப் பார்த்து எடுத்து ஒரே வாரத்தில் 6 முடித்தேன். அண்ணன் குழுவில் மூச்சுவிடவில்லை. தனியாக ஒரு செய்தி மட்டும்: "என்னம்மா, எடை பார்த்துத்தான் புத்தகம் எடுக்கிறியா?"

அதற்குப் பிறகுதான் ஷீட்டில் பக்கங்களுக்கு என்று ஒரு கட்டம் வந்தது. அதிலும் பஞ்சாயத்து. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், ஒன்றா, ஐந்தா? 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதியதை வாராவாரம் படித்தவர்கள் எப்படி எண்ணியிருப்பார்களோ! பக்கத்தை எண்ணலாம் என்றால் பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறுகிறது, கிண்டில் கருவியில் மின்னூலாகப் படிப்பவர்கள் சதவீதம் சொல்கிறார்கள். கையில் இருக்கும் பதிப்பின் கடைசிப் பக்க எண்தான் கணக்கு என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். கிண்டில்காரர்களுக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

அடுத்து, எங்கள் கிளை நூலகத்து நூலகர் அக்கா. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து மூன்று முறை பூட்டைப் பார்த்துத் திரும்பியவள் நான். "இரண்டாம் பாகம் வந்திருச்சு, எடுத்து வச்சிருக்கேன்" என்று போன் செய்வார். எத்தனை முடித்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஜூனில் ஒரு நாவலைத் திருப்பிக் கொடுத்தபோது, "அந்தக் கிழவி கடைசியில மகன் வீட்டுக்குப் போனாளா இல்லையா? எனக்கு மறந்துபோச்சு" என்றார். முந்தாநாள்தான் முடித்திருந்தேன். பதில் தெரியவில்லை. கண் ஓடியிருக்கிறது, நான் கூடப் போகவில்லை. அதே புத்தகத்தை மறுபடி என் பெயரில் பதியச் சொன்னேன். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஷீட்டில் அந்த வரியை அழித்தேன். கூடவே இன்னும் நான்கை.

ஞாயிறுதோறும் நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத் துணைக்கு வந்த தோழிக்கும், பத்தரை மணிக்கு மேல் விளக்கை அணை என்று சொல்லாத வீட்டுக்காரருக்கும் நன்றி. (சொல்லியிருக்கிறார். ஆனால் எழுந்து வந்து அணைத்ததில்லை.)

கடைசியாக என் அத்தை. ஆகஸ்டில் அவருக்குக் கண்புரை அறுவை. படிக்காமல் இருக்க முடியாத மனுஷி. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாய்விட்டுப் படித்தேன். ஒரே நாவல், 19 நாள். என் வரிசை அசையவே இல்லை. அவசரத்தில் ஒரு பத்தியைத் தாண்டினால், "நில்லு, அவன் எப்ப ஊருக்கு வந்தான்?" என்று பிடித்துவிடுவார். 37-இல் வரி வரியாக நினைவிருப்பது அந்த ஒன்றுதான்.

கண் சரியாகிவிட்டது. ஆனாலும் சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தை என் பக்கம்தான் நகர்த்துகிறார். அண்ணே, இந்த வருஷ ஷீட்டில் அத்தைக்கும் ஒரு வரிசை போடுங்கள். இலக்கு 4 என்று எழுதச் சொன்னார். எனக்கும் அதே 4 போதும். மேலே வருவது வரட்டும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் தோழி