பட்டம் பெற்ற பின் ஓவியருக்கு யார் துணை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சித்திரம் பயின்று திருகோணமலைக்குத் திரும்பும் இளைஞர்களிற் பலர், ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கும் காலத்திலேயே தூரிகையைக் கைவிட்டுவிடுகிறார்கள். முன்பள்ளிச் சுவர்களில் படம் வரைவதும் திருமண மேடை அலங்காரமும் கைச்செலவுக்கு உதவும். அவற்றை நான் இழிவாகக் கருதவில்லை. ஆனால் தமக்கென ஒரு பொருளை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வரைந்துவரும் பழக்கம், வரைந்ததைப் பார்த்துப் பேச எவரும் இல்லாதவிடத்து மெல்ல மெல்ல நின்றுபோகிறது.

கலை விழாக்களை நடத்துவோர் இதற்குப் போட்டிகளையே மருந்தாக நினைக்கிறார்கள். போட்டியில் தலைப்பும் தாளின் அளவும் முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன. பரிசு பெறாத படம் ஏன் பெறவில்லை என்று எவரும் சொல்வதில்லை. மூத்த ஓவியர் ஒருவர் இளையவரின் படங்களை வரிசையாகச் சுவரில் சாய்த்துவைத்து, "கடலென்றால் எல்லாப் படத்திலும் இந்த நீலந்தானா? மழைக்கு முன் உட்துறைமுகத்து நீர் ஈயம்போல் கிடப்பதைப் பார்த்ததில்லையா?" என்று கேட்டால், அந்தக் கேள்வி பல மாத வேலைக்குப் போதும். உப்புக் காற்றில் கன்வஸின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பது, படச்சட்டத்தின் செலவையும் சேர்த்து விலை குறிப்பது போன்றவற்றையும் அனுபவசாலியிடந்தான் கற்கமுடியும். தம்முடைய பாணியை இளையவர்மேல் சுமத்தாத வழிகாட்டி கிடைப்பது அரிது என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓவியர் அ. மாற்கு (1933–2000) பெரிய கட்டடமோ நிதியோ இல்லாமலே பல இளைஞர்களுக்கு அத்தகைய ஆசானாக விளங்கினார்.

வழிகாட்டிக்கு நிகராகச் சகபாடிகளும் வேண்டும். சென்னைக்கு அருகே 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தவர்கள், பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தைக் கொண்டே அங்கு காலூன்றினார்கள். பிழைப்புக்கான வேலையைக் கூட்டாகச் செய்ததால், ஓவியத்தில் அவரவர் தத்தம் வழியே செல்லமுடிந்தது. வாங்குபவரின் விருப்பத்துக்காகப் படத்தை மாற்றவேண்டிய நெருக்கடி குறைந்தது. பணிக்கர் 1977இல் மறைந்த பின்னரும் அக்கிராமம் நிலைத்திருப்பதற்கு இந்தக் கூட்டுறவே முதற் காரணம் என்பது என் கணிப்பு.

திருகோணமலையில் நிலம் வாங்கிக் கிராமம் அமைக்கும்படி நான் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல வெளிச்சமும் வெறுஞ்சுவரும் உள்ள ஒரு மண்டபம் போதும். பாடசாலை மண்டபமானாலும் சரி. தமிழ், முஸ்லிம், சிங்கள ஓவியர்கள் ஆறேழு பேர் முடிக்காத படங்களுடன் வந்து, ஒருவர் படத்தைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது வரைந்தவர் வாய்திறவாமல் கேட்டிருக்கவேண்டும் என்ற ஒரே விதியுடன் தொடங்கலாம். (மௌனமாக இருப்பதுதான் நம்மவர்க்குக் கடினம்.) யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு மூத்த ஓவியரை அழைப்பதற்கான பயணச் செலவையும் ஓரிரவுத் தங்குமிடத்தையும் மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் ஏற்குமாயின், விழா மேடைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பகுதியே அதற்குத் தேவைப்படும். அடுத்த ஆண்டுக்கான நிதி ஒதுக்கீட்டின்போது அதிகாரிகள் இதனைக் கவனத்திற் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திரபாட ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.