கார்பன் என்று நம்பி வாங்கியது கண்ணாடி நார்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ரிப்பேர் கிட்டில் கார்பன் ஃபைபருக்குப் பதில் வேறு துணி வந்தது தொடர்பாக

ஐயா / அம்மா,

ஏப்ரல் கடைசியில் உங்கள் இணையதளத்தில் என் சைக்கிளின் கார்பன் ஃபைபர் (கார்பன் நார்) ஃபிரேமைச் சரிசெய்ய 2,850 ரூபாய் கொடுத்து ஒரு கார்பன் ஃபைபர் ரிப்பேர் கிட் வாங்கினேன். ரெசின் (பிசின்), அதை இறுக வைக்கும் ஹார்ட்னர், அரை மீட்டர் கறுப்புத் துணி, உப்புத்தாள், கையுறை எல்லாம் இருந்தன. பெட்டியின் மேல் "100% கார்பன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்தப் புகார்.

எங்கள் குடியிருப்பின் கீழே நிறுத்தியிருந்த என் சைக்கிளை ஒரு ஸ்கூட்டர் பின்னால் எடுக்கும்போது சாய்த்துவிட்டது. ஹேண்டில்பார் சுழன்று டாப் ட்யூப்பில் (சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் மேல் குழாய்) இடித்ததில் நாலு சென்டிமீட்டர் விரிசல். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் 'டிக் டிக்' என்றது, விரிசலைத் தாண்டி இரண்டு விரற்கடைக்கு 'தொப் தொப்' என்றது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோ ஹேண்டில்பாரோ உடைந்திருந்தால் வீட்டில் கைவைத்திருக்க மாட்டேன். ஓடும்போது அது விட்டால் முகம்தான் முதலில் தரையில் படும். டாப் ட்யூப் என்பதால் துணிந்தேன்.

முதல் தொல்லை ரெசினில். கையேட்டில் "3:1" என்று மட்டும் இருக்கிறது. எடையிலா, அளவிலா? ரெசின் கனம், ஹார்ட்னர் அதைவிட லேசு. எடைக்குச் சொன்னதை மில்லிலிட்டரில் அளந்தால் ஹார்ட்னர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும், அப்புறம் பிசின் சரியாக இறுகாது. உங்கள் ஆட்களுக்குப் போன் செய்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார்கள். ஒன்றல்ல.

கலந்தபின் 30 நிமிடம் வேலை செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எந்த வெப்பநிலையில் என்று இல்லை. திருவான்மியூரில் மே மாத மதியம், பால்கனி. பன்னிரண்டாவது நிமிடம் கையில் இருந்த பிளாஸ்டிக் கப் சுட ஆரம்பித்தது, அடி நெளிந்தது, உள்ளே இருந்தது கல்லாகிவிட்டது. பாதி ரெசின் அப்படியே போயிற்று. சரி, வெயிலில் கலந்தது என் தப்பு என்றே வைத்துக்கொள்கிறேன். மீதியை விடியற்காலையில் தராசில் நிறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விரிசலைச் சுற்றி ஐந்து சுற்றுத் துணி வைத்தேன். மேலே எலக்ட்ரிக்கல் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி இறுக்கிச் சுற்றி, மிஞ்சின பிசின் வெளியேற ஊசியால் துளைகளும் போட்டேன். மூன்று நாள் தொடவில்லை.

நாலாவது நாள் ஈ.சி.ஆரில், முட்டுக்காடு பாலத்தில் எழுந்து நின்று மிதித்தபோது தொடைக்குக் கீழே 'கிறீச்' என்றது. இறங்கி வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஒட்டு போட்ட இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கார்பனைத் தேய்த்தால் தண்ணீர் மை மாதிரிக் கறுப்பாக ஓடும். என் ஃபிரேமைத் தேய்த்த இடத்தில் அப்படித்தான் ஓடியது. உங்கள் துணியைத் தேய்த்த இடத்தில் மேல் கறுப்பு போனதும் அரிசி கழுவிய நீர் போல வந்தது. சந்தேகம் வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். கார்பன் நாரில் மின்சாரம் பாயும், கண்ணாடி நாரில் பாயாது. ஃபிரேமில் நார் தெரிந்த இடத்தில் வைத்தேன், பீப் அடித்தது. உங்கள் துணியின் மிச்சத் துண்டில் எங்கே வைத்தாலும் மௌனம். ஒரு இழையைப் பிரித்து லைட்டரில் காட்டினேன். சாயம் எரிந்து, வெள்ளை நூல் நின்றது.

கண்ணாடி நார் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. படகு கட்டுகிறார்கள், தண்ணீர்த் தொட்டி செய்கிறார்கள். ஆனால் சாதாரணக் கார்பன் நாரின் விறைப்பு சுமார் 230 ஜிகாபாஸ்கல், கண்ணாடி நாருக்கு 70 சொச்சம்தான். கார்பன் என்று கணக்குப் போட்டு ஐந்து சுற்று வைத்தவனுக்குக் கிடைத்தது இரண்டு சுற்றுக்கும் குறைவான விறைப்பு. கண்ணாடி நார் என்று தெரிந்திருந்தால் சுற்றைக் கூட்டியிருப்பேன், அல்லது உங்களிடம் வாங்கியே இருக்க மாட்டேன்.

இதையெல்லாம் படங்களோடு உங்கள் சாட்டில் அனுப்பியதற்கு வந்த பதில்: "பாக்கெட் பிரித்துவிட்டதால் ரிட்டர்ன் இல்லை." பிரிக்காமல் துணியை எப்படிச் சோதிப்பது என்று கேட்டேன். சாட்டை முடித்துவிட்டார்கள்.

பணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதைவிட முக்கியமாக, இதே தொகுதித் துணியை வாங்கிய எல்லோருக்கும் இது கார்பன் அல்ல என்று நீங்களே எழுதித் தெரிவிக்க வேண்டும். அதில் யாராவது இந்நேரம் ஃபோர்க்கில் சுற்றியிருக்கலாம். கையேட்டில் எடை விகிதத்தையும் வெப்பநிலையையும் போடுங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அப்புறம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பில், மல்டிமீட்டர் காணொளி இரண்டையும் இணைத்திருக்கிறேன். மிச்சத் துணி ஒரு சாண் அளவு என்னிடம் இருக்கிறது. உங்கள் ஆள் யாராவது வந்தால் பாதி வெட்டித் தருகிறேன், மீதி ஆணையத்துக்கு.

இப்படிக்கு,
திருவான்மியூர் வாடிக்கையாளர்