எங்கள் ஓடர்களையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

இணையவழிக் கொள்வனவு பற்றிப் பல்கலைக்கழக மாணவர்கள் தயாரித்த வினாக்கொத்து ஒன்று எங்கள் மாடிக்குடியிருப்பின் வட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் முதல் கேள்வியே "எந்தத் தளத்தில் அதிகம் வாங்குகிறீர்கள்?" வெள்ளவத்தையில் எங்களில் பலர் தளத்தில் வாங்குவதே இல்லை. பேஸ்புக் நேரலையில் சேலையைப் பார்த்து, வட்ஸ்அப்பில் நிறம் கேட்டு, கூரியர் பொடியன் படியேறி வந்ததும் காசைக் கொடுக்கிறோம். இதற்கு அங்கே இடமில்லை. "ஏனையவை" என்ற கட்டத்துக்குள் போய் விழ வேண்டியதுதான்.

அப்புறம், "விலையும் தரமும் திருப்தியா?" என்று ஒன்று. விலை சரி, ஆனால் முதல் தோய்ப்பிலேயே சாயம் போய்விட்டது. ஆம் என்பதா, இல்லை என்பதா? பிரித்துக் கேட்டால் என்ன? "மாதம் சராசரியாக எவ்வளவு செலவு?" என்பதற்கும் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் எழுதுவார்கள். தீபாவளி மாதமும் வெறும் மாதமும் ஒன்றா? கடைசியாக வாங்கியது என்ன, எப்படிக் காசு கொடுத்தீர்கள் என்று கேட்டால் ஞாபகத்திலிருந்து சொல்லலாம்.

லிங்கை வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் போனும் கையுமாக இருப்பவர்களே நிரப்புவார்கள். பஸ் ஏறிப் புறக்கோட்டைக் கடைகளுக்குப் போகிறவர் ஏன் இணையத்தில் வாங்குவதில்லை என்பது எப்படித் தெரியவரும்? ஒரு சனிக்கிழமை அங்குள்ள பிரதான வீதியில் தாளும் பேனையுமாக நின்று கேட்கட்டும். தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துத் தந்தால் என் மாமியும் நிரப்புவா.

வாசகி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 6