கருந்தலைப்புழு: ஒட்டுண்ணியைக் கொண்டையில் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடையில் தென்னையின் அடிமட்டைகள் தீய்ந்தாற்போல் காய்ந்தால், தண்ணீர் போதவில்லை என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். ஓலையைத் திருப்பிப் பாருங்கள். நூலும் புழுவின் எச்சமும் கலந்து ஒட்டிய பழுப்புக் கூடு அடிப்பக்கத்தில் நீளமாக ஓடினால், அது கருந்தலைப்புழு. கூட்டைக் கீறினால் பச்சை உடலும் கரும்பழுப்புத் தலையுமாய், முதுகில் பழுப்புக் கோடுகளோடு புழு நெளியும். அடிப்பச்சையை மட்டும் சுரண்டித் தின்று மேல்தோலை விட்டுவிடுவதால் ஓலை காகிதம்போல் ஆகிறது. தாய் அந்துப்பூச்சி சாம்பல் வெள்ளையில் மிகச் சிறியது, ஓலையைத் தின்பதில்லை. புழுதான் ஏறக்குறைய 40 நாள் விடாமல் தின்கிறது. தாக்குதல் கடுமையானால் அடுத்த ஆண்டுக் காய்ப்பு பாதியளவுக்குக்கூடக் குறையலாம். கீற்று முடையவும் ஓலை உதவாது.

இதற்குக் கைகண்ட வழி பெத்திலிட் ஒட்டுண்ணிக் குளவி. எறும்பளவே இருக்கும் தாய்க்குளவி புழுவைக் கொட்டி அசைவற்றதாக்கி, அதன் உடல்மேலேயே முட்டையிட்டுக் காவலும் இருக்கும். எக்டேருக்கு 3,000, அதாவது ஏக்கருக்கு 1,200 குளவிகள் வேண்டும்.

ஆனால் வாங்கி வந்து விட்டும் பலன் இல்லை என்ற குறை அடிக்கடி காதில் விழுகிறது. பெரும்பாலும் விட்ட இடம்தான் தவறு. மரத்தின் உச்சியான கொண்டைப் பகுதியில் விட்டால் அங்கிருக்கும் சிலந்திகளும் நாவாய்ப் பூச்சிகளும் குளவிகளைத் தின்றுவிடும். மரத்தடியிலோ தண்டிலோதான் திறந்துவிட வேண்டும். இரண்டாவது தவறு, புழுவின் பருவம் பாராமல் விடுவது. முதலில் பத்துப் பன்னிரண்டு கூடுகளைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பெரும்பாலும் பழுப்புக் கூட்டுப்புழுவாக இருந்தால், அடுத்த தலைமுறைப் புழு வரும்வரை பொறுக்க வேண்டும். இந்தக் குளவிக்குப் புழுதான் தேவை. விடுவதற்கு முன் தேன் தொட்ட பஞ்சைக் குளவிகள் இருக்கும் குழாய்க்குள் வைத்துப் பசியாற்றுவது அவசியம். புழுவின் எச்சத்தையும் சிறிது போட்டுவைத்தால் அந்த வாசனை பழகி, இரையை எளிதில் தேடிப் பிடிக்கும்.

மருந்து தெளித்த தோப்பானால் மூன்று வாரம் கழித்தே விட வேண்டும். அதிகம் காய்ந்த இரண்டு மூன்று அடிமட்டைகளை வெட்டி எரிப்பதும் நல்லது. அதை ஒட்டுண்ணி விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு வெட்டினால் குளவியின் குஞ்சுகளும் சேர்ந்து எரியும். வெட்டிய மட்டையை வரப்போரம் குவித்து வைப்பதையோ பக்கத்து ஊருக்குக் கீற்றுக்கு அனுப்புவதையோ தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஓலையிலிருந்தே அந்துகள் வெளிவந்து அடுத்த தோப்பில் ஏறுகின்றன.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி