படம் அனுப்பச் சொல்லிவிட்டுப் பரீட்சை வைக்காதீர்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் ஓவியக் கண்காட்சி நடத்துகிற அமைப்பாளர்களுக்கும், படங்களைத் தேர்வு செய்கிற நடுவர்களுக்கும்,

வணக்கம். நான் கடலூர் முதுநகர்க்காரி. லினோகட் அச்சுப் படங்கள் செய்கிறேன், லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் பதிக்கிற படங்கள். துறைமுகம், ஐஸ் பெட்டி, வலையில் சிக்கெடுக்கிற கைகள், கருவாடு காயப்போட்ட மணல், இவைதான் பெரும்பாலும் என் படங்கள். எனக்குக் கற்றல் குறைபாடு உண்டு, டிஸ்லெக்சியா என்று சொல்வார்களே, அது. உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். விண்ணப்பத்தோடு நீங்கள் கேட்கிற 'கலைஞர் குறிப்பு', அதாவது படத்தைப் பற்றி அதைச் செய்தவரே சொல்வது, எழுத்தில்தான் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். பேசிப் பதிவு செய்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள், எழுத்துக்குக் கொடுக்கிற அதே மதிப்பை அதற்கும் கொடுங்கள்.

டிஸ்லெக்சியா என்றால் மந்தம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காதில் விழுகிற ஒலியையும் தாளில் இருக்கிற எழுத்தையும் மூளை சட்டென்று இணைக்க முடியாமல் திணறுவதுதான் இது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம், வளர்ந்தால் தானாகப் போய்விடாது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித் தெரியுமா என்று என்னிடம் கேட்பார்கள். அப்படி இல்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரிதான் எனக்கும் தெரிகிறது, அது சொல்லாகச் சேர்வதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

தமிழில் இந்தச் சிரமம் எங்கே வருகிறது என்று நீங்கள் யோசித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். 'கொடு' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ககர ஒலி, அப்புறம்தான் ஒகரம். எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கும், நடுவில் க, கடைசியில் கால், அந்தக் காலும் ரகரமும் பல எழுத்துருக்களில் பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். 'கௌ' எழுதினால் பக்கத்தில் நிற்பது ளகரமா ஔகாரக் குறியா என்று இன்னொரு குழப்பம். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று எண்ணி முடிப்பதற்குள் சொல்லின் தொடக்கம் நழுவிவிடும். இதற்கு மேல் உங்கள் அறிவிப்புகளில் 'விண்ணப்பதாரர்களுக்குத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்று ஒரே மூச்சில் ஒரு நீளம் வரும். 'விண்ணப்பிக்கிறவர்கள் கவனிக்கவும்' என்று போட்டால் யாருக்கும் எந்தக் குறைவும் இல்லை.

எனக்கு வழி திறந்துவிட்டது போன்தான். கூகுள் 2017இல் தமிழுக்குக் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது. பேசினால் எழுத்தாக வருகிறது, வந்ததை போனே திரும்ப வாசித்துக் காட்டுகிறது, தப்பு என் கண்ணில் படாவிட்டாலும் காதில் மாட்டிவிடும். எங்கள் ஊர்ப் பேச்சில் பேசினால் அது தடுமாறும், கொஞ்சம் செய்தி வாசிக்கிற மாதிரி பேச வேண்டும், முற்றுப்புள்ளியை நானே கையால் வைக்க வேண்டும். சரி, அதெல்லாம் பழகிப்போனது. சுவரொட்டியோ மருந்து அட்டையோ, கேமராவைக் காட்டினால் படித்துச் சொல்கிறது. இந்த மடலும் அப்படிப் பேசி எழுதியதுதான், அக்கா மகள் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்தாள்.

படம் செய்கிற வேலையிலும் போனுக்கு ஓர் இடம் உண்டு. விடியற்காலையில் ஏலம் நடக்கும்போது துறைமுகத்தில் நின்று கோட்டோவியம் போடுவேன், நிறமும் வெளிச்சமும் பற்றி எழுதிவைக்க முடியாது, அதனால் அந்த இடத்திலேயே பேசிப் பதிவு செய்துகொள்வேன். வீட்டுக்கு வந்து அதைக் கேட்டுக்கொண்டே லினோ தகட்டில் படத்தை ஏற்றுவேன். லினோவில் செதுக்குவது எல்லாம் அச்சில் இடம் வலமாகத் திரும்பி விழும், படகின் பெயரையும் பதிவு எண்ணையும் திருப்பித்தான் செதுக்க வேண்டும். கோட்டோவியத்தைப் படம் பிடித்து, திரையில் இடவலமாகத் திருப்பி, அதைப் பார்த்து நகலெடுத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் வேலை முழுக்கக் கைக்குத்தான். வி வடிவ உளி மெல்லிய கோட்டுக்கு, யூ வடிவ உளி வெற்றிடத்தை அள்ளியெடுக்க. ரோலரில் மையை உருட்டித் தடவி, தாளைப் பதித்து, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்ப்பேன். அழுத்தம் ஓர் இடத்தில் குறைந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், அதனால் தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் தாளின் அடியில் பென்சிலால் பிரதி எண்ணும் தலைப்பும் கையெழுத்தும். தலைப்பை போனில் சொல்லி, திரையில் பெரிதாக்கி வைத்து, ஒவ்வொரு எழுத்தையும் படம் வரைகிற மாதிரி பார்த்து வரைகிறேன்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு உங்கள் விண்ணப்பம் வருகிறது. இங்கேதான் அடைபட்டு நிற்கிறேன்.

சில அறிவிப்புகள் தாளை ஸ்கேன் செய்த படமாகவே வருகின்றன, கோணலாக, முத்திரை எழுத்தின் மேல் ஏறிக்கொண்டு. அதை போனால் அரைகுறையாகத்தான் படிக்க முடியும். இன்னும் சில பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. உங்கள் கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும், ஆனால் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குவியல், வாசிக்கச் சொன்னால் போன் அந்தக் குவியலைத்தான் வாசிக்கும். தமிழ்நாடு அரசு 2010லேயே தமிழுக்கு ஒருங்குறியை, யூனிகோடு என்பார்களே அதை, ஏற்று அறிவித்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் பழைய எழுத்துருவில் அறிவிப்பு வருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் இதை மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. ஒருங்குறியில் தட்டச்சு செய்து அப்படியே அனுப்பினால் போதும்.

அப்புறம் அந்தக் குறிப்பு. ஒருமுறை ஓர் இடத்தில் படத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அங்கேயே உட்கார்ந்து கையால் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். போனில் பேசித் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் ஏஐ எழுதிக் கொடுத்ததாகிவிடும்மா, படமும் அப்படித்தானா?" என்று கேட்டார் பொறுப்பில் இருந்தவர். கையில் மைக்கறை போகாமல் நின்றுகொண்டிருந்தேன். படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏஐ பற்றிய உங்கள் பயம் எனக்கும் புரிகிறது, என் வயிற்றுப்பாட்டுக்கும் அதனால் ஆபத்துதான். ஆனால் குரலை எழுத்தாக்குவது வேறு, எனக்குப் பதிலாக யோசிப்பது வேறு. நீண்ட விதிமுறைகளை எளிதாகச் சொல்லச் சொல்லி ஏஐயிடம் கேட்பேன், அதை மறைக்க ஒன்றுமில்லை. படம் போடச் சொல்லிக் கேட்டதில்லை. சந்தேகம் இருந்தால் லினோ தகட்டைக் கேளுங்கள், செதுக்கிய தகடு வீட்டில்தான் இருக்கிறது. என் குரலிலேயே நான் சொல்வதைக் கேட்டால், எழுதிய பக்கத்தைவிட அது என்னுடையது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைபாடுகள் ஏழு, அதில் நாங்கள் கிடையாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது, கற்றல் குறைபாடு அதில் ஒன்று. அதன் 29ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தர அரசும் உள்ளாட்சியும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நேரடியாகவே சொல்கிறது. நடுவண் சட்டம் இது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் அரசு மாறும், இந்தச் சட்டம் மாறாது. பள்ளித் தேர்விலேயே கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தருகிறார்கள். மதிப்பெண் போடுகிற தேர்வுக்கே இது சரி என்றால், படத்தைப் பார்த்து முடிவெடுக்கிற இடத்தில் ஏன் கூடாது?

ஒரு வேண்டுகோள், இதற்காகச் சான்றிதழ் கேட்காதீர்கள். என் வயதுக்காரர்களில் பலருக்குப் பள்ளியில் இப்படி ஒன்று இருப்பதாகவே யாரும் சொன்னதில்லை, படிக்க வராத பிள்ளை என்று முத்திரை குத்தி உட்கார வைத்தார்கள். குரல் பதிவை எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிடுங்கள். வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறவரோ திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவரோ எழுதுவதைவிடப் பேசுவது எளிது என்று நினைத்தால் அவர்களும் பேசட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் படம் வரைகிறார்கள், அவர்களில் சிலருக்குப் பேச்சும் வராது. அவர்கள் வேலை செய்கிறதைக் காட்டும் சின்ன வீடியோவைக் குறிப்பாக ஏற்றுக்கொள்ளலாம். கூட வந்தவர் என்ன நினைக்கிறார் என்பதை எழுதி, அதை வரைந்தவருடைய எண்ணம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பர்க்குக்கும் டிஸ்லெக்சியா இருந்தது. 1964இல் வெனிஸ் பினாலே என்கிற பெரிய உலகக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரிய பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. எங்களில் எல்லாரும் அப்படி வருவோம் என்று சொல்லவில்லை. சுமாராகச் செய்கிறவர்களுக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும், மற்றவர்களுக்கு இருக்கிற மாதிரி.

சுவரில் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற அட்டையிலும் ஒரு கியூஆர் குறியீடு போட்டு, கலைஞர் பேசிய பதிவை அதில் வையுங்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் படத்தைப் பார்க்க வந்த எங்கள் தெரு ஆயாக்கள் அட்டையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படத்தில் இருக்கிற வலை எந்த மீனுக்கானது என்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நான் என்ன நினைத்து அதைச் செதுக்கினேன் என்பதுதான் தெரியாது.

அடுத்த கண்காட்சிக்குப் படிவம் தயாரானதும், வெளியிடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள். என் போனில் ஓட்டிப் பார்த்து எங்கே சிக்குகிறது என்று அன்றைக்கே சொல்கிறேன், பணம் எதுவும் வேண்டாம். குரல் பதிவுக்கு இரண்டு மூன்று நிமிஷம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் வசதி.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு லினோகட் கலைஞர்