சினைமீன் தீவனத்தில் சோயா எவ்வளவு? மீன்வளத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மீன்வளத் துறை அலுவலர்களுக்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரை நம்பி, நான்கு மண்குளங்களில் கெண்டைக் குஞ்சு பொரித்து விற்று வருகிறேன். கடந்த ஆடியில், இனப்பெருக்கத்தைத் தூண்டும் ஊசி போடுவதற்காக, சினைமீனாக (அதாவது குஞ்சு எடுக்கவென்றே) வளர்க்கும் ஆண் ரோகுக் கெண்டைகளைப் பிடித்தோம். பருவத்துக்கு வந்த ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் அரம்போல் சொரசொரக்கும். வயிற்றை இலேசாக அழுத்தினால் கெட்டிப் பாலாக விந்து வடியும். அன்று பிடித்த பன்னிரண்டில் ஐந்துக்குத் துடுப்பு வழுவழுவென்றே இருந்தது. வந்த விந்தும் அரிசி கழுவிய தண்ணீரைப் போல நீர்த்திருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து போட்டுவந்த நாங்கள், பிறகு மிதவைத் தீவனத்துக்கு மாறினோம். காரணம் இதுதான் என்று நான் சாதிக்கவில்லை. சினைமீனின் வயது, ஒரே வழி மீன்களைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பது, கோடையில் தண்ணீர் சூடேறியது என ஐயப்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் தீவனத்தை ஐயப்படவும் போதிய காரணம் இருக்கிறது.

மீன்தூளின் விலை ஏற ஏற, தீவனத்தின் புரதத்தில் பெரும்பங்கைச் சோயாப் பிண்ணாக்கே தருகிறது. அதில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்னும் ஐசோஃபிளேவோன்கள் கிலோவுக்கு ஏறத்தாழ 1 முதல் 3 கிராம் வரை இருக்கும். இவை பெண்மை இயக்குநீரான ஈஸ்ட்ரோஜனைவிடப் பலமடங்கு வலுக் குறைந்தவை என்றாலும், உடலின் உயிரணுக்களில் அது வந்து பற்றும் இடமான ஏற்பியையே இவையும் பற்றுகின்றன. நாள்தோறும் வேளை தவறாமல் உடலுக்குள் போகும்போது வலுக்குறைவை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. முட்டையின் மஞ்சள் கருவுக்கான விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைப் பெண்மீனின் ஈரல் உண்டாக்குகிறது. ஆண்மீனின் ஈரலுக்கும் அந்தத் திறன் உண்டு, ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதல்தான் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பிரான்சில், பண்ணையில் வளர்த்த சைபீரிய ஸ்டர்ஜன் ஆண்மீன்களின் இரத்தத்தில் இந்தப் புரதம் காணப்பட்டு, தேடிப் போனபோது தீவனத்துச் சோயாவே தூண்டுதல் என்று தெரியவந்தது.

வேகவைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கம் பலர் சொல்கிறார்கள். சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் சூட்டில் அடங்கும்; ஐசோஃபிளேவோன்கள் பெரும்பாலும் அடங்குவதில்லை. புளிக்கவைத்தாலும் அவை சர்க்கரைப் பிணைப்பிலிருந்து விடுபடுகின்றனவே தவிர, போய்விடுவதில்லை. ஆல்கஹாலால் கழுவிப் பிரித்த சோயாப் புரதத்தில்தான் வெகுவாகக் குறைகின்றன. அதன் விலை எங்களுக்குக் கட்டாது. கரிசல் பக்கத்திலிருந்து மலிவாக வரும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்கு மாறலாமென்றால், அதிலுள்ள காசிபோல் என்னும் நச்சுப்பொருள் வேறு வழியில் ஆணின் விந்தையே கெடுக்கக்கூடியது. பழைய கடலைப் பிண்ணாக்கும் பூசணம் பிடித்தால் நஞ்சுதான்.

மீன் வாங்கி உண்போர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. எட்டுப் பத்து மாதத்தில் சந்தைக்குப் போகும் மீனுக்கு இனப்பெருக்கம் ஒரு பொருட்டும் அல்ல. ஜிலேபிக் கெண்டை வளர்ப்பவர்கள், அது கண்டபடி குஞ்சு பொரிக்காமலிருக்கப் பப்பாளி விதையை அரைத்துப் போடலாமா என்றுகூடக் கேட்கிறார்கள். மூன்று நான்கு ஆண்டுகள் அதே தீவனத்தைத் தின்று குளத்தில் கிடக்கும் சினைமீனின் கதைதான் வேறு.

என் கையிலுள்ள மூட்டையில் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளன. அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது என்பது இல்லை. சினைமீனுக்கென விற்கும் தீவனத்திலாவது சோயாவின் பங்கை விழுக்காட்டில் அச்சிடும்படி துறை வலியுறுத்த வேண்டுகிறேன். கல்லூரியார் சித்திரை, வைகாசியில் எங்கள் ஆண் ரோகுகளின் இரத்தத்தில் விட்டெல்லோஜெனின் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால், ஐயம் ஒரு பக்கமாகத் தீரும். ஒரு குளத்தில் இப்போதைய தீவனமும், மற்றொன்றில் மீன்தூளும் நல்ல கடலைப் பிண்ணாக்கும் தவிடும் கலந்த தீவனமும் கொடுத்து ஒப்பிட, என் குளங்களில் இரண்டை ஒதுக்கித் தருகிறேன். ஆடிக்குச் சினை முற்ற வேண்டுமானால் தை பிறந்ததும் தீவனத்தை மாற்றியாக வேண்டும் என்பதால், அதற்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
மீன்குஞ்சு வளர்ப்போர் ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்