அலமோவும் பொன்னாடையும்: டெக்சாஸ் தமிழ்ச் சங்கங்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஒரு திறந்த மடல்

டெக்சாஸ் மாநிலத்தின் தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், வார இறுதிதோறும் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் நம் பொங்கல் விழா மேடைகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறுகிறது. உள்ளூர்த் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ஒருவர் வருகிறார். அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அவர் தட்டுத் தடுமாறி ‘வணக்கம்’ என்கிறார், அரங்கமே கைதட்டுகிறது. அவர் எந்தப் பதவிக்கு நிற்கிறார், அந்தப் பதவி நம் பிள்ளைகளின் பாடத்திலும் நாம் கட்டும் சொத்து வரியிலும் எதைத் தீர்மானிக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்த மடலைக் குற்றப்பத்திரிகையாக அல்லாமல், கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டவனின் விண்ணப்பமாகப் படிக்க வேண்டுகிறேன்.

என் மகள் நான்காம் வகுப்பில் படித்தபோது அட்டைப்பெட்டியை வெட்டி, டெக்சாஸ் விடுதலைப் போரின் அடையாளமான அலமோ கோட்டையைச் செய்தாள். பள்ளியில் காலைதோறும் அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி சொன்ன பிறகு டெக்சாஸ் கொடிக்கும் தனியாக ஓர் உறுதிமொழி சொல்கிற பிள்ளைக்கு அந்தக் கோட்டை மிக நெருக்கமான இடம். முகப்பின் கீழே வீரர்களின் பெயர்களை எழுதி ஒட்ட வேண்டும் என்றாள். டிராவிஸ், போவி, கிராக்கெட் என்று மூன்று பெயர்களை எழுதினோம். கிரெகோரியோ எஸ்பார்சா என்றொருவர் அதே மதிலுக்குள் செத்தார் என்பது அன்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

டெக்சாஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி; அதை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்திருந்தது. சான் அன்டோனியோவில் ஸ்பானியப் பாதிரிமார் கட்டிய அந்தப் பழைய மிஷன் வளாகத்தை 1836 பிப்ரவரி 23 முதல் 13 நாட்கள் மெக்சிகோ அதிபர் சாண்டா அன்னாவின் படை முற்றுகையிட்டது. மார்ச் 6 விடியலில் உள்ளே இருந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் கொல்லப்பட்டனர். ஆறே வாரங்களில், ஏப்ரல் 21 அன்று, சான் ஹசிண்டோ களத்தில் ‘அலமோவை நினைவில் கொள்’ என்ற முழக்கத்தோடு டெக்சாஸ் படை வென்றது. டெக்சாஸ் ஏறக்குறைய பத்தாண்டுகள் தனி நாடாக இருந்து, பிறகே அமெரிக்காவோடு இணைந்தது. இவையெல்லாம் நடந்தவை, இவற்றில் வீரமும் உண்டு. ஆனால் கதையாகச் சொல்லப்படும்போது, தொலைதூர அரசின் கொடுமையை எதிர்த்துத் தன்னந்தனியாக நின்ற வெள்ளைக்கார வீரன் மட்டும் மிஞ்சுகிறான், மற்றவர்கள் உதிர்ந்துபோகிறார்கள்.

உதிர்ந்தவர்களில் முதல்வர் டெஹானோக்கள், அதாவது அந்த மண்ணிலேயே பிறந்த மெக்சிகோ வழியினர். எஸ்பார்சா அலமோவுக்குள் போரிட்டுச் சாக, அவருடைய உடன்பிறந்தவர் எதிர்ப்படையில் இருந்தார். ஹுவான் செகீன் உதவி கேட்கும் தூதராக அலமோவிலிருந்து வெளியே அனுப்பப்பட்டதால் உயிர் பிழைத்தார். சான் ஹசிண்டோவில் டெஹானோப் படைப்பிரிவை நடத்தினார். பிறகு சான் அன்டோனியோவின் மேயரும் ஆனார். புதிதாக வந்து குடியேறியவர்களின் பகையால் 1842இல் மெக்சிகோவுக்கே ஓட நேர்ந்தது. பிறந்த மண்ணிலேயே அந்நியனாகிப் போனதாக அவர் பின்னாளில் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். எந்த விடுதலைக்காகப் போரிட்டாரோ அதன் முதல் பத்தாண்டிலேயே அவருக்கு நேர்ந்தது இது.

இரண்டாவதாக உதிர்ந்தது அடிமைமுறை. மெக்சிகோ 1829இல் அடிமைமுறையை ஒழிப்பதாக ஆணையிட்டது. டெக்சாஸ் அதிலிருந்து விலக்குப் பெற்றது. 1830 ஏப்ரல் 6 சட்டத்தின் வழியாக அமெரிக்காவிலிருந்து மேற்கொண்டு குடியேறுவதை மெக்சிகோ தடுக்க முயன்றபோதும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அனுமதியின்றி எல்லை தாண்டியவர்கள் என்று டெக்சாஸ் வரலாற்றில் முதன்முதலாக யாரையாவது சொல்ல வேண்டுமானால், அவர்கள் கிழக்கிலிருந்து வந்த அமெரிக்கர்களே. புதிய குடியரசின் 1836ஆம் ஆண்டு அரசியல் சட்டம், அடிமைகளை விடுவிக்கும் அதிகாரத்தைத் தன் பேரவைக்கே மறுத்தது. அப்பேரவையின் இசைவு இல்லாமல் விடுதலை பெற்ற கறுப்பர் ஒருவர் அங்கே நிலையாகக் குடியிருக்கவும் தடை விதித்தது. 1860 வாக்கில் டெக்சாஸ் மக்களில் பத்தில் மூவர் அடிமைகள். இன்றும் மாநில அரசின் விடுமுறைப் பட்டியலில் அடிமைகளின் விடுதலைச் செய்தி கால்வெஸ்டனுக்கு வந்து சேர்ந்த ஜூன் 19ஆம் நாள் இருக்கிறது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவர்களைப் போற்றும் ஜனவரி 19ஆம் நாளும் இருக்கிறது. பின்னது நம் பொங்கல் கொண்டாட்டங்களின் வாரத்தையொட்டி வந்து போவதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருப்போம்?

பழங்கதை எதற்கு, நமக்கு வேலையும் வீடும் பள்ளியும் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த வேலையையும் வீட்டையும் பள்ளியையும் இந்தக் கதைதான் வடிவமைத்திருக்கிறது என்பதே என் பதில். அரசை நம்பாதே, அதன் கையைக் கட்டிவை என்ற மனப்பான்மை 1876ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் எழுத்தாகவே இருக்கிறது. 3 கோடி மக்களைக் கொண்ட மாநிலத்தின் சட்டமன்றம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 140 நாட்கள் மட்டுமே வழக்கமாகக் கூடுகிறது. உறுப்பினரின் மாத ஊதியம் 600 டாலர். அந்த ஊதியத்தில் ஒரு பள்ளி ஆசிரியரோ பேருந்து ஓட்டுநரோ சட்டமன்றத்துக்குப் போக முடியாது; சொந்தத் தொழிலோ சொத்தோ உள்ளவருக்கே அது கட்டுப்படியாகும். மாநில வருமான வரி இல்லை. 2019இல் அதைத் தடைசெய்யும் திருத்தத்தையே மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். வரி இல்லாத மாநிலம் என்று சொல்லித்தான் நம்மில் பலர் கலிபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் இடம்பெயர்ந்தோம். பிறகு ஆண்டிறுதியில் வரும் சொத்து வரிச் சீட்டைப் பார்த்து வாட்ஸ்அப் குழுக்களில் புலம்புகிறோம். இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள்.

2021 பிப்ரவரியில் வந்த உறைபனியையும் மின்வெட்டையும் மறந்திருக்க மாட்டீர்கள். வாளி வாளியாகப் பனியை அள்ளி உருக்கிக் கழிப்பறைக்கு ஊற்றியதும், நான்கு குடும்பங்கள் ஒரே வீட்டில் அடுப்பைச் சுற்றி உறங்கியதும் நமக்கே நேர்ந்தவை. டெக்சாஸின் பெரும்பகுதி மின்கட்டமைப்பு அண்டை மாநிலங்களோடு பெரிதாக இணைக்கப்படாமல் தனித்து நிற்கிறது. 1930களில் வந்த கூட்டரசின் மின்சாரக் கட்டுப்பாடுகளுக்கு உட்படாமல் இருக்கவே அது அவ்வாறு வைத்துக்கொள்ளப்பட்டது. உறைபனியில் மின்நிலையங்களும் எரிவாயுக் குழாய்களும் முடங்கியபோது வெளியிலிருந்து பெற முடிந்த மின்சாரம் மிகச் சொற்பம். மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். மின்நிலையங்களைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தாதது உள்ளிட்ட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் தனித்து நிற்பதே பெருமை என்ற கதை கம்பிகளாகவும் கம்பங்களாகவும் நடப்பட்டிருப்பதை அந்த வாரம் நாம் கண்ணால் பார்த்தோம்.

கதை தன் நிலத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட டெக்சாஸ்காரர்கள் நகரவாசிகள். டல்லாஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்னும் முக்கோணத்துக்குள்ளும் அதன் விளிம்பிலுமே பெரும்பான்மையோர் வாழ்கிறார்கள். ஆயினும் தேர்தல் விளம்பரங்களில் வேட்பாளர் தொப்பியும் பூட்ஸும் அணிந்து வேலியருகேதான் நிற்கிறார். அந்த மாட்டுக்காரத் தொழிலையே, கயிறு வீசுவது முதல் ரோடியோ என்ற சொல் வரை, மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களான வாக்கேரோக்களிடமிருந்துதான் கற்றார்கள். வீரவசனம்போல் சட்டைகளில் அச்சிடப்படும் ‘டெக்சாஸோடு வம்பு வைத்துக்கொள்ளாதே’ என்பதுகூட 1980களில் நெடுஞ்சாலைத் துறை, சாலையில் குப்பை போடாதீர்கள் என்று சொல்வதற்காக உருவாக்கியதுதான். ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு வரி தன் இடத்திலிருந்து பிடுங்கப்பட்டு முழக்கமாவது புதிதல்ல.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். 2010க்கும் 2020க்கும் இடையே டெக்சாஸ் மக்கள்தொகை ஏறத்தாழ 40 லட்சம் கூடியது. அந்தக் கூடுதலில் 95 விழுக்காடு வெள்ளையரல்லாதோர். 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஹிஸ்பானிக் மக்கள் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரை முந்திவிட்டார்கள். இருவருமே ஏறத்தாழ 40 விழுக்காடு. வளர்ச்சி வேகத்தில் ஆசியர்களே முதலிடம். இந்த எண்களைக் காட்டி, தலைமுறை மாறினால் குடியரசுக் கட்சியின் ஆட்சி தானாக மாறும் என்று ஒரு சாரார் ஆரூடம் சொன்னார்கள். அதே எண்களைக் காட்டி இன்னொரு சாரார் தம் ஆதரவாளர்களை அச்சுறுத்தினார்கள். என் பார்வையில் இது அலமோவுக்கு நிகரான இன்னொரு தொன்மம். மக்கள்தொகையை விதியாகப் பார்க்கும் இந்தத் தொன்மத்தை நம் வட்டத்தில் நன்கு படித்தவர்களும் நம்புகிறார்கள்.

எல்லையோர ஸ்டார் மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஹிஸ்பானிக் மக்கள். 2016இல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கு அவர்கள் 79 விழுக்காடு வாக்களித்தார்கள். 2024இல் அதே மாவட்டத்தை டிரம்ப் வென்றார். 1892க்குப் பிறகு குடியரசுக் கட்சிக்கு அது முதல் வெற்றி. விலைவாசி, எண்ணெய் வயல் வேலை, எல்லைக் காவல் வேலை, தேவாலயம் எனக் காரணங்கள் பலவாகச் சொல்லப்படுகின்றன. எனக்குத் தோன்றுவது இன்னொன்றும் உண்டு. ரியோ கிராண்டே கரையில் அவர்களுள் பல குடும்பங்கள் 1700களின் நடுவிலிருந்தே, அமெரிக்கா என்றொரு நாடு பிறக்கும் முன்பிருந்தே, வாழ்கின்றன. அவர்களைக் குடியேறிகள் என்ற பெட்டிக்குள் அடைத்து, இந்தப் பெட்டி இப்படித்தான் வாக்களிக்கும் என்று கணக்குப் போட்டவர்கள், அவர்களும் தங்களை டெக்சாஸ்காரர்களாக, அந்தக் கதையின் உரிமையாளர்களாக நினைக்கக்கூடும் என்பதை மறந்துவிட்டார்கள். நாளை நம்மையும் ஆசியர் என்ற பெட்டிக்குள் போட்டுக் கணக்கிடுவார்கள்.

எண்ணிக்கை தானாக அதிகாரமாவதும் இல்லை. இடையில் வயது, குடியுரிமை, தொகுதி எல்லை என்று பல வாயில்கள் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பால் டெக்சாஸுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதலாக 2 இடங்கள் கிடைத்தன. 2025 ஆகஸ்டில், பத்தாண்டு முடியும் முன்பே, ஆளும் கட்சிக்கு மேலும் 5 இடங்களைப் பெறும் நோக்கத்துடன் தொகுதி வரைபடத்தை மாநில சட்டமன்றம் மாற்றி எழுதியது. எச்-1பி விசாவில் பச்சை அட்டைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. அவர்களால் வாக்களிக்க முடியாது; ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது அவர்களும் தலையெண்ணப்படுகிறார்கள். தகுதியுள்ள வாக்காளர்களை மட்டுமே எண்ண வேண்டும் என்று டெக்சாஸிலிருந்து சென்ற வழக்கில், மொத்த மக்கள்தொகையை வைத்துத் தொகுதி பிரிக்கலாம் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பங்களின் பெயரால் ஒருவர் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நாம் இதுவரை கேட்டது ஒரு ‘வணக்கம்’ மட்டுமே.

நாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, கதையை எழுதுகிறவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. 2021இல் இயற்றிய ஒரு சட்டத்தால் ‘1836 திட்டம்’ என்ற குழு அமைக்கப்பட்டு, புதிதாக ஓட்டுநர் உரிமம் பெறுவோருக்கு டெக்சாஸ் வரலாற்றுக் கையேடு கொடுக்க ஏற்பாடாயிற்று. 2025 செப்டம்பரில் 15 உறுப்பினர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம், 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் டெக்சாஸ், அமெரிக்க வரலாற்றுக்குக் கூடுதல் இடமும் உலகப் பண்பாடுகளுக்குக் குறைந்த இடமும் தரும் பாடத்திட்டச் சட்டகத்தை நெருக்கமான வாக்கெடுப்பில் ஏற்றது. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியாவைப் பற்றிக் கேள்விப்பட இருந்த ஒரு வாய்ப்பு குறைகிறது. அந்த 15 பேரும் தேர்தலில் வென்று வருகிறவர்கள். வாரியக் கூட்டங்களில் பெயர் பதிந்துகொண்டு பொதுமக்கள் பேசலாம்.

‘ஊரோடு ஒத்து வாழ்’ என்பதற்கு ஊர் விவகாரத்தில் தலையிடாதே என்று பொருள் கொண்டுவிட்டோம். அதோடு, நம் சங்கங்கள் வரிவிலக்குப் பெற்றவை, அரசியல் கூடாது என்ற காரணமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. வரிவிலக்குச் சட்டம் தடுப்பது ஒரு வேட்பாளரை ஆதரிப்பதையோ எதிர்ப்பதையோதான். எல்லா வேட்பாளர்களையும் சமமாக அழைத்து ஒரே கேள்விகளைக் கேட்பதை அது தடுக்கவில்லை. கட்சி சாராத வாக்காளர் பதிவையும் தடுக்கவில்லை. பார்க்கப்போனால் ஒரே ஒரு வேட்பாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்துவதுதான் அந்தச் சட்டத்துக்கு ஒவ்வாதது.

ஆகவே மூன்றைக் கேட்கிறேன். அடுத்த பொங்கல் விழாவில் பொன்னாடைக்கு ஒதுக்கும் நேரத்தில் வேட்பாளர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, சொத்து வரி, மின்கட்டமைப்பு, பாடத்திட்டம் பற்றிக் கேள்வி கேளுங்கள். புதிதாகக் குடியுரிமை பெற்றவர்களுக்காக, மாவட்டத்தில் முறைப்படி நியமனம் பெற்ற வாக்காளர் பதிவுத் தன்னார்வலர் ஒருவராவது ஒவ்வொரு சங்கத்திலும் இருக்கட்டும். இந்த மாநிலத்தில் புதிதாகப் பதிகிறவர் தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே பதிந்தாக வேண்டும். தமிழ்ப் பள்ளிகளில் மூத்த மாணவர்களுக்கு ஆண்டில் இரண்டு வகுப்புகளேனும் டெக்சாஸ் வரலாற்றைத் தமிழில் நடத்துங்கள். செகீனின் வாழ்க்கையைத் தமிழில் சொல்ல முயலும் பிள்ளை, மொழியையும் கற்கும், தான் நிற்கும் மண்ணையும் அறியும்.

அந்த இரண்டு வகுப்புகளுக்கான பாடக்குறிப்பை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். இப்போது ஏழாம் வகுப்பில் மறுபடியும் டெக்சாஸ் வரலாறு படிக்கும் என் மகள் பிழை திருத்தித் தருகிறாள். பழைய அட்டை அலமோ இன்னும் கார் கொட்டகைப் பரணில் இருக்கிறது. விரும்பும் பள்ளி அதையும் எடுத்துக்கொள்ளலாம்; பெயர்ப்பலகையில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வட டல்லாஸிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்